டிரைவர் நிரல் பரிசீலனையையும் இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஏற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எட்டாம் செமஸ்டர் வந்துவிட்டால் ‘இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற விளம்பரம் நம் ஊர்ச் சுவர்களிலும் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் வலம் வரத் தொடங்கும். காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் விளக்கு எரியும்; வைவாவுக்கு அது போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் வராது. இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புதிதாக ஒன்றைச் செய்து காட்டினால்தான் ப்ராஜெக்ட் என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். ஏற்கெனவே எழுதப்பட்ட நிரலை வரிவரியாகப் படித்து, எந்தச் சூழலில் எங்கே உடையும் என்று சான்றோடு காட்டுவதும் முழுமையான பொறியியல் வேலைதான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பண்ருட்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பாடத்திட்டக் குழுக்கள் இதை ஏற்க வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம். பொருத்தமான பொருளாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள நாண்ட் ஃபிளாஷ் கன்ட்ரோலர் டிரைவர் ஒன்றைப் பரிசீலிப்பதை முன்வைக்கிறோம்; மின்சாரம் இல்லாதபோதும் தரவை வைத்திருக்கும் நாண்ட் ஃபிளாஷ் சிப்பை இயக்கும் கன்ட்ரோலருக்குக் கட்டளையிடும் நிரல் அது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெரும்பாலான டிரைவர்கள் ஒரே ஒரு கோப்புதான்; ஒரு செமஸ்டருக்குள் ஒருவர் முழுமையாகப் படித்து முடிக்கக்கூடிய அளவு.

நாண்ட் ஃபிளாஷை 1987-இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழு உலகுக்கு அறிவித்தது. அதன் அடிப்படைக் குணம் இன்றும் மாறவில்லை. பரவலாகப் புழங்கும் 1 ஜிகாபிட் சிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பேஜ் 2048 பைட், அதனுடன் உதிரியாக 64 பைட். 64 பேஜ் சேர்ந்தால் ஒரு பிளாக், அதாவது 128 கிலோபைட். அப்படி 1024 பிளாக். எழுதும்போது 1 என்ற பிட்டை 0 ஆக்கலாம். 0-வைத் திரும்ப 1 ஆக்க வேண்டுமானால் பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும், தேர்தல் சுவரில் ஒரு சின்னத்தை மாற்றச் சுவர் முழுக்க வெள்ளையடிப்பதைப் போல. ஒரு செல்லில் ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி வகையில் ஒரு பிளாக் சுமார் 1 லட்சம் அழிப்புகளைத் தாங்கும் என்று டேட்டாஷீட்டில் போட்டிருக்கும். செல்லுக்கு இரண்டு பிட் வைக்கும் எம்எல்சி வகையில் அது சில ஆயிரங்களுக்கு இறங்கிவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில பிளாக்குகள் கெட்டவை என்று குறியிடப்பட்டிருக்கும். எழுதி வைத்த பிட்டுகள் காலப்போக்கிலும், பக்கத்துப் பேஜைத் திரும்பத் திரும்பப் படிப்பதாலும் புரளும்.

இந்தக் குணங்களால்தான் ஃபிளாஷ் டிரைவரில் உள்ள பிழை உடனே வெளிப்படுவதில்லை. மேசையில் நன்றாக ஓடும், சோதனையில் தேறும், விற்பனைக்கும் போகும். பிட்டுகள் புரளத் தொடங்கிய பிறகு, அல்லது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போன ஒரு இரவில், பெட்டி எழாமல் போகும். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்களை நேரே வாங்கும் கடலூர், புதுச்சேரிக் கரையில் மின்சாரம் சொல்லாமல் போவது புதிதல்ல. வீட்டு ரவுட்டர் முதல் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை ஃபிளாஷில் எழுதும் கருவிகள் இங்கே பாதி எழுதிய பேஜோடு நின்றுபோவது அன்றாடம். ஆகவே டிரைவர் வேலை செய்யும் பாதையை விட, அது தோற்கும் பாதையைத்தான் பரிசீலிப்பவர் அதிக நேரம் படிக்க வேண்டும்.

பரிசீலிக்க உட்காரும்போது கையில் இரண்டு ஆவணங்கள் இருக்க வேண்டும்: சிப்பின் டேட்டாஷீட், கன்ட்ரோலர் அடங்கிய பிராசஸரின் ரெஜிஸ்டர் கையேடு. இரண்டும் இல்லாமல் நிரலை மட்டும் படித்தால் எழுத்துப்பிழை பார்ப்பதோடு நின்றுவிடும். டிரைவர்கள் கெர்னல் மரத்தில் எம்டிடி என்ற பிரிவின் கீழ், நாண்ட், அதற்குள் ‘ரா’ என்ற அடைவில் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது, டிரைவர் எந்தத் தலைமுறை என்பது. 2018-இல் வந்த 4.16 பதிப்பில் ‘எக்ஸெக் ஆப்’ என்ற புதிய அழைப்பு அறிமுகமானது. அதற்கு முந்தைய டிரைவர்கள் கட்டளை பைட்டைப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்று தாமாகவே ஊகித்துக்கொள்ளும். புதிய முறையில் கெர்னலே முழு வரிசையையும் சொல்லிவிடும்: இந்தக் கட்டளை, இத்தனை முகவரி பைட், இவ்வளவு நேரம் காத்திரு, இத்தனை பைட் படி. டிரைவர் அதை அப்படியே நிறைவேற்றினால் போதும். புதிய முறையில் எழுதியதாகச் சொல்லிக்கொண்டு, உள்ளே கட்டளை எண்ணை வைத்து ‘இது படிப்பு, இது அழிப்பு’ என்று கிளை பிரிக்கும் டிரைவர்கள் பரிசீலனைக்கு அடிக்கடி வரும். படிப்புக்கான கட்டளை ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 00, 30. அழிப்புக்கான ஹெக்ஸ் 60, டி0. இவை மட்டும் ஓடும். சிப் தயாரிப்பாளர் தனக்கென்று வைத்திருக்கும் கட்டளை வந்தால் திரும்பிப் பார்க்காது. இதை விடாமல் சுட்டிக்காட்ட வேண்டும். அதே அழைப்பில் ‘சோதனை மட்டும்’ என்ற கொடியும் (ஆம், இல்லை அடையாளம்) வரும். அது உயர்ந்திருக்கும்போது டிரைவர் ஒரு ரெஜிஸ்டரையும் தொடக்கூடாது. முடியும், முடியாது என்று பதில் மட்டும் சொல்ல வேண்டும்.

முகவரி பைட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். 2048 பைட் பேஜ் என்றால் நெடுக்குக்கு (பேஜுக்குள் உள்ள இடத்துக்கு) 2 பைட். வரிசைக்கு (எந்தப் பேஜ் என்பதற்கு) 1 ஜிகாபிட் வரை 2 பைட் போதும், அதற்கு மேல் 3. இந்த எண்ணிக்கையை நிரலில் நிலையாக எழுதிவிட்டால் 2 ஜிகாபிட் சிப்பை மாட்டியதும் பின்பாதிக்கு எழுதுவது முன்பாதியின் மேல் போய் விழும். 16 பிட் பஸ் உள்ள சிப்பில் அடையாள எண் படிப்பதும் அமைப்பு மாற்றுவதும் கீழ் 8 பிட்டில் மட்டுமே நடக்கும். அதற்கென உள்ள கொடியை டிரைவர் மதிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது காத்திருப்பு. கட்டளை கொடுத்த பிறகு சிப் ‘வேலையாக இருக்கிறேன்’ என்று காட்டவே 100 நானோவினாடி வரை ஆகலாம். அதற்குள் சிப்பின் ‘தயார்’ பின்னை (இணைப்பு முனையை) பார்க்கும் டிரைவர், தொடங்காத வேலையை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பின் இல்லாத போர்டில் ஹெக்ஸ் 70 கொடுத்து நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். படிப்பின் நடுவே இப்படிக் கேட்டால், முடிவில் ஹெக்ஸ் 00 கொடுத்து சிப்பைத் தரவு தரும் நிலைக்குத் திருப்ப வேண்டும். அதை மறந்த டிரைவரை எளிதில் கண்டுபிடிக்கலாம்: பேஜ் முழுவதும் ஹெக்ஸ் ஈ0 என்ற ஒரே பைட்டாக வரும். அது தரவல்ல, ‘தயார், எழுதத் தடையில்லை’ என்ற நிலைப் பைட்டே திரும்பத் திரும்ப வருகிறது.

காலக்கெடுவில் ஒரு கண்ணி உண்டு. இன்டரப்ட் (வேலை முடிந்ததென்று வன்பொருள் தரும் சமிக்ஞை) வரும்வரை காத்திருக்கும் அழைப்புக்குக் கெடுவை ஜிஃபி (கெர்னல் கடிகாரத்தின் ஒரு டிக்) கணக்கில் கொடுக்க வேண்டும். வெறுமனே 10 என்று எழுதியிருந்தால், நொடிக்கு 100 டிக் உள்ள கெர்னலில் அது 100 மில்லிவினாடி. 1000 டிக் உள்ள கெர்னலில் 10 மில்லிவினாடிதான். ஒரு பிளாக்கை அழிக்க வழக்கமாக 2 மில்லிவினாடி போதும் என்றாலும், உச்ச அளவாக டேட்டாஷீட்டில் 10 மில்லிவினாடி போட்டிருக்கும் சிப்கள் உண்டு. எழுதியவரின் மேசையில் ஓடிய டிரைவர் வாடிக்கையாளரின் கெர்னலில் அவ்வப்போது தோற்பதற்கு இதுவே காரணமாகலாம். மில்லிவினாடியை ஜிஃபியாக மாற்றித் தரும் செயல்கூறைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கெடுவைத் தாராளமாக வைக்கவும் சொல்லுங்கள். சரியாக நடக்கும்போது நீண்ட கெடுவால் எந்த நஷ்டமும் இல்லை. சிக்னல் வந்தால் பாதியில் எழுந்துவிடும் வகைக் காத்திருப்பு இங்கே கூடவே கூடாது. பயனர் கன்ட்ரோல்-சி அழுத்திய நொடியில் டிரைவர் வெளியே வந்துவிடும்; சிப் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்; அடுத்த கட்டளை அதன் மேல் போய் மோதும்.

இன்டரப்ட் வரிசையையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பழைய நிலையைத் துடைப்பது, ‘முடிந்தது’ அடையாளத்தைப் புதுப்பிப்பது, இன்டரப்டைத் திறப்பது, அதன் பிறகே கட்டளையைத் தொடங்குவது. கட்டளையைத் தொடங்கிவிட்டு அடையாளத்தைப் புதுப்பித்தால், வேகமான சிப் அந்த இடைவெளியிலேயே வேலையை முடித்துச் சொல்லிவிடும். அந்தச் செய்தி அழிந்துபோய், டிரைவர் கெடு முடியும்வரை சும்மா நிற்கும். ஆயிரத்தில் ஒரு முறை மட்டும் வரும் பிழை என்பதால் சோதனையில் சிக்காது. நிரலைப் படித்தால்தான் பிடிபடும்.

டிஎம்ஏ (பிராசஸரின் தலையீடின்றித் தரவை நினைவகத்துக்கு நேரே மாற்றும் முறை) பகுதியில் மூன்று இடங்களை விடாதீர்கள். மேலடுக்கிலிருந்து வரும் பஃபர், நினைவகத்தில் தொடர்ச்சியாக இல்லாத வி-மாலக் வகையாக இருக்கலாம். அதை நேரடியாக டிஎம்ஏவுக்கு மேப் செய்தால் கன்ட்ரோலர் சம்பந்தமில்லாத முகவரியில் எழுதும். இடைப் பஃபர் வேண்டும் என்று கெர்னலிடம் சொல்ல ஒரு கொடி இருக்கிறது. டிரைவர் அதை வைத்திருக்கிறதா? மேப் செய்த பிறகு, அது தோற்றதா என்று கேட்கும் வரி இருக்கிறதா? மூன்றாவதுதான் ஆபத்தானது. கெடு முடிந்து பிழைப் பாதைக்கு வந்தால், முதலில் டிஎம்ஏ எஞ்சினை நிறுத்தி, அது நின்றதை உறுதி செய்து, பிறகே மேப்பை விடுவிக்க வேண்டும். நிறுத்தாமல் விடுவித்தால், தாமதமாக வரும் தரவு அதற்குள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்ட நினைவகத்தில் இறங்கும். சேதம் எங்கோ வெளிப்படும். காரணம் ஃபிளாஷ் டிரைவர் என்று யாருக்கும் தோன்றாது.

இனி பிழைத்திருத்தம், அதாவது புரண்ட பிட்டுகளைப் படிக்கும்போது சரிசெய்வது. ஒரு பரிசீலனையின் பாதி நேரம் இங்கே போனாலும் தகும்.

8 பிட் திருத்தும் பிசிஎச் என்ற பிழைத்திருத்தக் குறிமுறையில் 512 பைட் கொண்ட ஒவ்வொரு துண்டுக்கும் 13 பைட் திருத்தத் தரவு வேண்டும். 2048 பைட் பேஜில் நான்கு துண்டு, ஆக 52 பைட். 64 உதிரி பைட்டில் கெட்ட பிளாக் குறிக்கு 2 போனால் மிச்சம் 10. டிரைவர் அறிவிக்கும் உதிரிப் பகுதி வரைபடம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று தாளில் போட்டுப் பாருங்கள். இரண்டு பகுதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும் டிரைவர்கள் பரிசீலனைக்கு வந்திருக்கின்றன.

பேஜைப் படித்த பிறகு டிரைவர் ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும்: எந்த ஒரு துண்டிலும் அதிகபட்சமாக எத்தனை பிட் திருத்தப்பட்டன என்பது. நான்கு துண்டில் 2, 1, 3, 0 என்று திருத்தம் நடந்தால் விடை 3. கூட்டி 6 என்று தருவது பரவலான பிழை. 8 பிட் வலிமையில் எச்சரிக்கை வரம்பு இயல்பாக முக்கால் பங்கு, அதாவது 6. கூட்டிச் சொன்னால் நல்ல பேஜையும் ஆபத்தானதாக எண்ணி, ஃபிளாஷ் பிளாக்குகளின் தேய்மானத்தை நிர்வகிக்கும் யூபிஐ (UBI) என்ற கெர்னல் அடுக்கு தரவை வேறு பிளாக்குக்கு ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். சிப் சீக்கிரம் தேயும். இதற்கு எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கொடியது. எத்தனை திருத்தினாலும் 0 என்று திருப்பித் தரும் டிரைவரில் யூபிஐக்கு எச்சரிக்கையே வராது. 6, 7, 8 என்று பிட்டுகள் சேர்ந்துகொண்டே போய், ஒன்பதாவது பிட் புரளும் நாளில் தரவு போய்விடும். 2007-இல் 2.6.22 பதிப்பில் சேர்ந்த யூபிஐயின் பாதுகாப்பு முழுவதும் டிரைவர் தரும் இந்த ஒற்றை எண்ணை நம்பியே நிற்கிறது. திருத்த முடியாமல் போனால் தோல்விக் கணக்கை ஒன்று கூட்டிவிட்டு, மீதித் துண்டுகளைத் தொடர்ந்து படிக்க வேண்டும். பிழைக்குறியீட்டை மேலே சொல்வது மைய நிரலின் பொறுப்பு. முதல் துண்டு தோற்றதும் வெளியே ஓடிவிடும் டிரைவர், மற்ற மூன்று துண்டுகளில் இருந்த நல்ல தரவையும் சேர்த்து இழக்கிறது.

அழித்த பேஜ் தனிக் கதை. அழித்ததும் தரவும் திருத்த பைட்டுகளும் எல்லாப் பிட்டும் 1 ஆக இருக்கும். பல கன்ட்ரோலர்களின் கணக்கில் அது செல்லுபடியாகும் குறிச்சொல் அல்ல. ‘திருத்த முடியாது’ என்று சொல்லிவிடும். இதைச் சமாளிக்க, எல்லாம் 1 தானா என்று அப்படியே ஒப்பிட்டுப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். புதுச் சிப்பில் அது ஓடும். அழித்த பேஜிலும் பிட் புரளும் என்பதை அது மறக்கிறது. 4096 பிட்டில் ஒரே ஒரு பிட் 0 ஆனாலும் ஒப்பீடு தோற்கும். யூபிஐக்கு மேலே இயங்கும் கோப்பு முறையான யூபிஐஎஃப்எஸ் ‘கரப்ட் எம்ப்டி ஸ்பேஸ்’ என்று செய்தி எழுதி, கோப்பு முறையை ஏற்ற மறுக்கும். மின்சாரம் போன அடுத்த தடவை எழாத பெட்டிகளில் இந்தச் செய்தியைப் பார்த்தால், டிரைவரின் இந்த இடத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். சரியான வழி: தோற்ற துண்டை மட்டும் திருத்தம் இல்லாமல் மீண்டும் படித்து, 512 தரவு பைட், 13 திருத்த பைட் இரண்டிலும் உள்ள 0 பிட்டுகளை எண்ணுவது. எண்ணிக்கை வலிமைக்குள், அதாவது 8-க்குள் இருந்தால் அது அழித்த பேஜ். பஃபரை முழுவதும் 1 ஆக நிரப்பி, அந்த எண்ணிக்கையைத் திருத்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 8-ஐத் தாண்டினால் தோல்வி. கெர்னலில் இதற்கென்றே ஒரு பொதுச் செயல்கூறு உண்டு. சொந்தமாக எழுத வேண்டியதில்லை. திருத்த பைட்டுகளையும் சேர்த்து எண்ணுவது ஏன் முக்கியம்? கிட்டத்தட்ட எல்லாம் 1 ஆன உண்மைத் தரவு ஒன்று எழுதப்பட்டிருந்தால், அதன் திருத்த பைட்டுகளில் 0-க்கள் இருக்கும். அவைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். மீண்டும் படிக்காமல் கைவசம் உள்ள பஃபரையே எண்ணுவதும் தவறு. திருத்தப் போய்த் தோற்ற கன்ட்ரோலர் சில பிட்டுகளைத் தானே கெடுத்து வைத்திருக்கலாம்.

தரவையும் திருத்த பைட்டையும் மாற்றி மாற்றி அடுக்கும் கன்ட்ரோலர்களில் கெட்ட பிளாக் குறிக்கு ஒரு சிக்கல் வரும். தொழிற்சாலைக் குறி பேஜின் 2048-ஆவது இடத்தில், உதிரிப் பகுதியின் முதல் பைட்டில் இருக்கும். 512 தரவு, 13 திருத்தம் என்று மாற்றி அடுக்கினால் நான்காம் துண்டு 1575-ஆவது இடத்தில் தொடங்குகிறது. ஆக குறி இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் துண்டின் 473-ஆவது தரவு பைட் போய் உட்காரும். பயனர் அங்கே எழுதும் எதுவும் பிளாக்கைக் கெட்டதாகக் காட்டும். உண்மையில் கெட்ட பிளாக்கின் குறியோ தரவாகப் படிக்கப்படும். இடம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடோ, தனிக் கெட்ட பிளாக் அட்டவணையோ வேண்டும். எதைத் தேர்ந்தாலும், கெர்னலை ஏற்றும் பூட்லோடரும் அதையே தேர்ந்திருக்க வேண்டும். திருத்த வலிமைக்கும் இது பொருந்தும்: பிராசஸருக்குள்ளேயே இருக்கும் பூட் ரோம் 4 பிட் திருத்தத்தில் படிக்கும் பகுதியை கெர்னல் 8 பிட்டில் எழுதினால், பெட்டி அடுத்த முறை எழாது.

பேஜின் ஒரு துண்டை மட்டும் எழுதும் துணைப்பேஜ் எழுத்தை டிரைவர் தொடக்கத்திலிருந்தே ஆதரிக்கிறதா, இல்லையா என்பதும் அப்படியே. ஆதரித்தால் யூபிஐ தன் இரண்டாம் தலைப்பை 512-ஆவது பைட்டில் வைத்து, ஒரு பிளாக்கில் 1,29,024 பைட் தரவுக்கு விடும். இல்லையென்றால் தலைப்பு 2048-க்குப் போய், தரவு 1,26,976 ஆகக் குறையும். பின்னாளில் யாராவது ஒரு வரியை மாற்றி இதைத் திருப்பிவிட்டால் வெளியே ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் எல்லாம் பழைய தரவை அடையாளம் காணாது. பரிசீலனையில் ஒரு கேள்வி கேட்டால் தீரும் விஷயம் இது.

நேர அமைப்பில், நானோவினாடியைக் கிளாக் எண்ணிக்கையாக மாற்றும் வகுத்தல் மேல்நோக்கி முழுமையாக்கப்படுகிறதா என்று பார்ப்பது போதும். ஐந்தாம் நேரமுறையில் (டைமிங் மோட் 5) எழுதும் துடிப்பு குறைந்தது 10 நானோவினாடி. 125 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு சுற்று 8 நானோவினாடி. சாதாரண வகுத்தல் 1 என்று விடை தரும், வேண்டியது 2. குளிரூட்டிய அறையில் 8 நானோவினாடியும் ஓடிவிடும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

டிரைவர் ஏறும்போது ஓடும் புரோப், இறங்கும்போது ஓடும் ரிமூவ் பகுதிகளுக்கு அதிக நேரம் வேண்டாம். கிளாக் தோற்றால், இன்டரப்ட் எண் எதிர்மறையாக வந்தால், பதிவு தோற்றால் என்று ஒவ்வொரு படியிலும் ஏறிய வரிசைக்கு நேர்எதிராக இறங்குகிறதா என்று பாருங்கள். போர்டில் உள்ள வன்பொருளைக் கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ விவரணம் தனிப் பேட்சாக (மாற்றத் தொகுப்பாக), டிரைவருக்கு முன் வர வேண்டும். வடிவப் பிழைகளைச் ‘செக்பேட்ச்’ நிரலும், வகைப் பிழைகளை ‘ஸ்பார்ஸ்’ கருவியும் பார்த்துக்கொள்ளும். இடைவெளி, அடைப்புக்குறி பற்றி மனிதர் எழுதும் பரிசீலனையில் நேரம் வீணாக வேண்டாம்.

படித்தது சரியா என்று உறுதிசெய்யக் கருவி வேண்டும். நாண்ட்சிம் என்ற போலிச் சிப் கெர்னலிலேயே உண்டு. யூபிஐ கற்க அது நல்லது. ஆனால் அது கன்ட்ரோலரையே ஒதுக்கிவிடுவதால் டிரைவரைச் சோதிக்க உதவாது. நேரடி நாண்ட் சிப் உள்ள பழைய ரவுட்டர் போர்டு ஒன்றும், யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்றும் போதும். அடாப்டர் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் வகை பிராசஸரின் பின்னைக் கெடுக்கும். கிரவுண்ட், அனுப்பு, பெறு என்று மூன்று கம்பியை மட்டும் இணைத்து, மின்கம்பியை விட்டுவிடுங்கள். வேகம் பெரும்பாலும் 1,15,200.

எதையும் தொடுமுன் நாண்ட்டம்ப் என்ற கருவி கொண்டு உதிரிப் பகுதியோடு சேர்த்து முழுப் பிரதி எடுத்து வையுங்கள். கெட்ட பிளாக் பட்டியலையும் எழுதி வையுங்கள். யூபூட் என்ற பூட்லோடரில் ‘நாண்ட் ஸ்கிரப்’ கட்டளையை ஒருபோதும் தட்டக்கூடாது. அது தொழிற்சாலைக் குறிகளையும் சேர்த்து அழித்துவிடும். எது கெட்ட பிளாக் என்று பிறகு சிப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. சோதனைக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, எம்டிடி யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள ‘நாண்ட்பிட்எர்ஸ்’ நிரலை ஏறுவரிசை முறையில் ஓட்டுங்கள். அது ஒவ்வொரு பிட்டாகக் கெடுத்துப் படித்துப் பார்க்கும். 8 பிட் அமைப்பில் 8 வரை திருத்தி, 9-இல் தோற்க வேண்டும்; ஒவ்வொரு படியிலும் டிரைவர் சொல்லும் எண்ணிக்கை, கெடுத்த எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும்.  பேஜ் சோதனை, உதிரிப் பகுதிச் சோதனை, அழுத்தச் சோதனை ஆகியவற்றையும் ஓட்டலாம். ‘டார்ச்சர்’ சோதனை பிளாக்கைத் தேய்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. கல்லூரியில் இருப்பது ஒரே போர்டு என்றால் அதைத் தவிருங்கள்.

மதிப்பீட்டைப் பற்றி. மாணவர் ஒப்படைக்க வேண்டியது பைண்ட் செய்த கனத்த ரிப்போர்ட் அல்ல. ஒவ்வொரு குறிப்பிலும் கோப்பின் வரி எண், எந்தச் சூழலில் என்ன உடையும், டேட்டாஷீட்டின் எந்தப் பக்கம் அதைச் சொல்கிறது, மாற்று வரி என்ன என்பவை இருந்தால் போதும். அப்படிப் பத்துக் குறிப்பு எழுத, இரண்டு ஆவணங்களையும் படித்தே ஆக வேண்டும். கூடவே சோதனைப் பதிவு. குறை எதுவும் அகப்படாத டிரைவராக இருந்தால், எந்தெந்தப் பாதையைப் படித்து ஏன் சரி என்று முடிவு செய்தார் என்பதை எழுதட்டும்; அதற்கும் முழு மதிப்பெண் தர வேண்டும், இல்லையென்றால் இல்லாத குறையைக் கற்பிக்கும் பழக்கம் வந்துவிடும். கெர்னல் உலகில் ‘ரிவியூட் பை’, ‘டெஸ்டட் பை’ என்று இரண்டு தனித்தனி ஒப்பங்கள் உண்டு. போர்டில் ஓட்டிப் பார்த்தவர் இரண்டாவதை மட்டுமே போடலாம். முதலாவதைப் போட நிரலைப் படித்து, அதன் தகுதிக்குப் பொறுப்பேற்க வேண்டும். இந்த வேறுபாட்டை மதிப்பெண் அட்டையிலும் இரண்டு தனி வரிகளாகக் கொண்டுவரலாம்.

வைவாவில் தேர்வாளருக்குக் கெர்னல் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. டிரைவரில் ஏதாவது ஒரு காத்திருப்பு வரியைக் காட்டி, ‘இங்கே சிப் பதிலே சொல்லாவிட்டால் அடுத்து எந்த வரி ஓடும், அப்போது டிஎம்ஏ எந்த நிலையில் இருக்கும்?’ என்று கேட்டால் போதும். விலைக்கு வாங்கி வந்தவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இம்மாற்றத்துக்குப் புதிய ஆய்வகமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ப்ராஜெக்ட் வகைகளின் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் துறைத்தலைவர்கள் இதை முன்வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கெர்னல் நிரல் பரிசீலனையில் ஈடுபடும் பொறியாளர்கள் சிலர்,
கடலூர் – புதுச்சேரி